செம்மறிக்கு ஆகாத கட்டி

நீங்கள் உட்கார்ந்திருக்கும் ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை, டாக்டரம்மா. கொஞ்சம் சுவர்ப் பக்கமாகச் சாய்ந்து உட்காருங்கள், ஆடாது. இந்த ஊர்க் காற்றில் ஆணியெல்லாம் துருப்பிடித்துப் பொடிந்துவிடுகிறது. எத்தனை முறை அடித்தாலும் நிற்பதில்லை.

நீங்கள் வந்ததும் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டேன். சகாயமேரியின் செத்த ஆடுகளிலிருந்து நீங்கள் எடுத்துப்போன ஈரலைச் சோதித்துப் பார்த்ததில் செம்புச் சத்து அளவுக்கு மீறி இருந்தது என்றீர்கள். சரிதான். பிறகு என் தோளில் கை வைத்து, "விடுங்கம்மா, உங்க மேல தப்பில்ல. மாட்டுக்குச் செய்ற தாது உப்புக் கட்டியப் போய் ஆட்டுப் பட்டில கட்டிட்டீங்க. செம்மறிக்கு அது ஆகாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாம நடந்துபோச்சுன்னுதான் எழுதப்போறேன்" என்றீர்கள். நல்ல மனசோடுதான் சொன்னீர்கள். ஆனால் 'தெரியாம' என்ற அந்த ஒரு வார்த்தையை என்னால் விழுங்க முடியவில்லை. அப்படி எழுதாதீர்கள். எனக்குத் தெரியும்.

எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். அவசரமில்லையே உங்களுக்கு?

மேரி எனக்குப் பக்கத்து வீடு. அவள் மாதா கோயிலுக்குப் போகிறவள், நான் அம்மன் கோயிலுக்குப் போகிறவள். அது எங்களுக்குள் ஒருநாளும் குறுக்கே வந்ததில்லை. இரண்டு பேரும் ஒரே உப்பளத்தில் வேலை செய்தோம். நான் உப்பை வாரிக் குவிப்பேன், அவள் கூடையில் சுமந்து கரையில் கொட்டுவாள். உப்புத் தண்ணீர் சிலர் காலை ஒன்றும் செய்யாது. என் கால் அப்படி. மேரியின் கால் அப்படியில்லை. குதிகால் பிளந்து, விரலிடுக்கெல்லாம் வெந்து, நடக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பாள். புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். வேலைக்குப் போகாமல் இருக்கவும் முடியாது.

அப்புறம் சுனாமி வந்தது. அளம் முழுக்கச் சேற்றை நிரப்பிவிட்டுப் போய்விட்டது, உப்பு வேலை நின்றது. நிவாரணத்துக்கு வந்த ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் தெருவில் ஆடு கொடுத்தது. சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். எனக்கு வெள்ளாடு விழுந்தது, மேரிக்குச் செம்மறி விழுந்தது. முள் வெட்டி வந்து இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே பட்டி போட்டோம். அன்றைக்கு மேரி ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னது இப்போதும் என் காதில் இருக்கிறது.

"அக்கா, இதுங்க மட்டும் நல்லா வந்துடுச்சுன்னா, செத்தாலும் இனிமே அளத்துல கால் வெக்க மாட்டேன்."

அதுதான் அவளுக்கு இருந்த ஒரே ஆசை. வேறொன்றும் அவள் கேட்டதில்லை.

முதலில் ஆடுகள் தேறவில்லை. என்னுடைய கறுப்பு வெள்ளாட்டுக்கு மயிர் செம்பட்டை பாய்ந்தது. கண்ணைச் சுற்றி வெளுத்து, மூக்குக் கண்ணாடி போட்டதுபோல் ஆகிவிட்டது. பிறந்த குட்டி ஒன்று பின்னங்காலை ஊன்ற முடியாமல் தரையில் தேய்த்துக்கொண்டே போனது. நிறுவனத்துக்காரர்கள் வெங்கடாசலம் சார் என்ற ஒரு ரிட்டயர்டு கால்நடை டாக்டரை அழைத்துவந்து எங்களுக்கு வகுப்பு வைத்தார்கள். இந்த மணலில் விளையும் புல்லில் செம்பு குறைவு, வெள்ளாட்டுக்கு அது போதவில்லை என்று அவர்தான் சொன்னார். துத்தநாகம், அயோடின், கோபால்ட் என்று கடுகளவு கடுகளவாகச் சேர வேண்டியவற்றைச் சொல்லி, கட்டி செய்யவும் கற்றுக்கொடுத்தார். அளத்து உப்பு, தவிடு, கிளிஞ்சல் சுண்ணாம்பு, வெல்லப்பாகு, இறுக்கத்துக்குக் கொஞ்சம் சிமெண்டு, இவற்றோடு தாதுத்தூள். புட்டு மாவுப் பதத்தில் பிசைந்து அச்சில் அழுத்திக் காயவைத்துப் பட்டியில் தொங்கவிட வேண்டும். ஆடு வேண்டுமளவு நக்கிக்கொள்ளும்.

வகுப்புக்கு வந்த பெண்களில் கட்டி உடையாமல் வந்தது எனக்குத்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்தது அதுதான். மற்றவர்களுக்கு மழை ஈரத்தில் இளகிவிடும், இல்லையென்றால் கல்லாகி ஆடு நாக்கு வைக்காது. நான் சொந்தமாகப் பாகைக் காய்ச்சி, கம்பிப் பதம் வருவதற்கு முன்னால் இறக்கிப் பார்த்தேன். சரியாக அமைந்தது. வெங்கடாசலம் சாரே கையில் எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது கையில வர்ற வித்தைம்மா" என்றார். என்னை அப்படி யாரும் அதுவரை சொன்னதில்லை.

செம்மறிக்கு வேறு கட்டி என்று சொன்ன வகுப்புக்கு மேரி வரவில்லை. அன்று என் வீட்டுக்காரர் குப்புசாமிக்குக் காய்ச்சல் முற்றிப் பிதற்ற ஆரம்பித்துவிட்டது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு யாராவது கூட்டிக்கொண்டு போக வேண்டும். எனக்கு வகுப்பை விட மனசில்லை. மேரிதான், "நீ போ அக்கா, நீ கத்துக்கிட்டா நான் கத்துக்கிட்ட மாதிரி" என்று சொல்லி, அந்தக் காலோடு அவரைத் தாங்கிப் பிடித்து பஸ் ஏற்றிப் போனாள். 

அன்று சார் சொன்னது இது. "மாடு தாங்கும், வெள்ளாடும் ஓரளவு தாங்கும். செம்மறி தாங்காது. செம்பு ஏற ஏற ஈரல்லயே சேத்து வெச்சுக்கும், வெளிய ஒண்ணும் காட்டாது, கொழுகொழுன்னுதான் இருக்கும். ஒருநாள் வண்டில ஏத்துனாலோ நாய் தொரத்துனாலோ அவ்ளோத்தையும் ஒரேயடியா ரத்தத்துல எறக்கிடும். அப்புறம் பெருமாளே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். பட்டியில் செம்பு இல்லாத கட்டியைத்தான் தொங்கவிட்டேன். என் வெள்ளாடுகளுக்கு வேண்டியதைத் தவிட்டில் கலந்து தனியாக வைத்தேன். ஏன் தனியாக வைக்கிறேன் என்று மேரி கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அக்கா செய்தால் சரியாக இருக்கும் என்று இருந்துவிட்டாள்.

ஒரே பருவத்தில் எல்லாம் தேறிவிட்டன. என் ஆட்டுக்குக் கறுப்பு திரும்பியது. மேரியின் கிடாக்கள் மினுமினுவென்று சிவந்து நின்றன. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். கோட்டக்குப்பம் உபைதுல்லா பாய் வந்து பல்லைப் பிடித்துப் பார்த்து, காதைத் தடவிப் பார்த்து, பக்ரீத் குர்பானிக்கு அவ்வளவு கிடாவையும் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். வளைகுடாவில் இருக்கிற பிள்ளைகள் வீட்டுக்கெல்லாம் அவர்தான் ஆடு பிடித்துக் கொடுப்பவர். மேரிக்குக் கால் தரையில் படவில்லை.

வானூரில் கால்நடைக் கண்காட்சி வைத்தார்கள். எங்கள் ஊர்க் கட்டியைப் பற்றி மேடையில் ஒருவர் பேச வேண்டும் என்று நிறுவனத்தில் சொன்னார்கள். எனக்குக் கூட்டம் பிடிக்காது. மேரியை, "நீயே போய்ப் பேசு" என்று அனுப்பினேன். ஆமாம், நான்தான் அனுப்பினேன். என் கத்தரிப்பூ நிறச் சேலையைக்கூடக் கொடுத்தேன், அவளுக்கு நல்லதாக ஒன்றும் இல்லை என்று. ஆனால் போய் என்ன சொல்ல வேண்டும் என்று மனுஷிக்குத் தெரிய வேண்டாமா?

நான் கீழே கூட்டத்தோடு நின்றேன். மேடையில் இருந்த பெரிய மனிதர் கட்டியைத் தூக்கிக் காட்டி, "இது யாரும்மா செஞ்சது?" என்று கேட்டார். மேரி மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி விழித்தாள்.

"நான்தாங்க சார். எல்லாம் என் கையாலதான்."

எல்லோரும் கை தட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். பக்கத்தில் நின்றவள் என்னையும் தட்டச் சொன்னாள், நானும் தட்டினேன்.

கீழே இறங்கி வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாக்கா, மைக்கைப் புடிச்சதும் ஒடம்பெல்லாம் ஒதறிடுச்சு. என்னமோ வாய்ல வந்துடுச்சு. தப்பா நெனச்சுக்காதக்கா" என்றாள். "பரவால்ல வுடு" என்றேன். வேறென்ன சொல்வது? பரவாயில்லை என்று சொன்னால் உடனே பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டு சிரித்தாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வயிறு எரிந்தது டாக்டரம்மா. கூடப் பிறந்தவள்போல வைத்திருந்தேன். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நிறுவனத்தின் வேன் அவள் வீட்டு வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தது. மற்ற கிராமங்களுக்குப் போய்க் கட்டி செய்யக் கற்றுத்தர வேண்டுமாம். வேனில் ஏறுவதற்கு முன்னால் என் வீட்டுக்கு ஓடி வருவாள். "அக்கா, சுண்ணாம்பு எவ்ளோ, பாகு எவ்ளோ, இன்னொரு தடவ சொல்லு." சொல்லிக் கொடுப்பேன். "நீயும் வாயேன்க்கா, வேன்ல எடமிருக்குது" என்பாள். கூப்பிட்டாள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் கூப்பிட்டாள். அவள் கூப்பிட்டு நான் அவள் பின்னால் போவதா?

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை. கட்டியை மாற்றினேன், அவ்வளவுதான்.

ஐப்பசி மழை பிடித்ததும் ஆடுகளுக்குக் குளம்பு அழுகும். அதற்கு மயில்துத்தம் கரைத்த தண்ணீரில் கால் முக்கி எடுப்பது வழக்கம். திண்டிவனம் கடையில் கேட்டால் எதற்கு என்றுகூடக் கேட்காமல் கட்டிக் கொடுப்பார்கள். மயில்துத்தம் என்பது செம்புதான், உங்களுக்குத் தெரியாததில்லை. அரைத்தால் நல்ல நீலம். வெல்லப்பாகின் கறுப்பில் போட்டுவிட்டால் நீலம் இருந்த இடம் தெரியாது. கொஞ்சம் கசக்கும். அதற்காகப் பாகைக் கூட்டினேன். ஒரேயடியாகக் கொட்டவில்லை. ஒவ்வொரு கட்டிக்கும் சிறிது சிறிதாக ஏற்றினேன். பூச்சிமருந்து வைத்துக் கொல்வதெல்லாம் முரட்டு வேலை. அது யாரும் செய்யலாம்.

என் வெள்ளாடுகளும் அதே கட்டியைத்தான் நக்கின. பட்டி ஒன்றுதானே. ஒரு கிடா மட்டும் கொஞ்சம் மெலிந்தது, மற்றவை தாங்கிக்கொண்டன. அக்கா ஆடு நன்றாக இருக்கும்போது கட்டியில் குறை இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? நீங்களும் முதல் நாள் வந்தபோது தண்ணீரைத்தானே சந்தேகப்பட்டீர்கள். நான் உங்களைக் குறை சொல்லவில்லை.

கட்டியைப் பட்டியில் கட்டுவது மேரிதான். என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்க் கட்டுவாள். "அக்கா, புதுக் கட்டிய எப்படி நக்குதுங்க பாரு. முன்னத்தவிட இது ருசி போல" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நானும் போய்ப் பார்த்தேன். அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. செம்மறி நனையக்கூடாது என்று வீட்டுக்குள் கூட்டிப்போய் வைத்துக்கொண்டு, தான் வாசலில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பட்டினி போடாமல், பயமுறுத்தாமல் குழந்தைபோலப் பார்த்துக்கொண்டாள். அவள் அப்படிப் பார்த்துக்கொண்டதால்தான் அவ்வளவு நாள் ஒன்றும் ஆகவில்லை. நான் காலையில் போய்க் கண் இமையைப் பிரித்துப் பார்ப்பேன். மஞ்சள் ஏறாமல் வெள்ளையாகவே இருக்கும். கற்றுக்கொண்டது தப்போ என்றுகூட எனக்குச் சந்தேகம் வந்தது.

நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நிறுத்தியிருக்கலாம். மார்கழியில் ஒருநாள் மேரி வந்து காலை நீட்டி, குதிகாலைத் திருப்பிக் காட்டினாள். பிளவு மூடியிருந்தது. அளத்துத் தண்ணீர் படாமல் இருந்ததில் புதுத் தோல் வந்து ரோஜா நிறத்தில் இருந்தது. "தொட்டுப் பாருக்கா, வலியே இல்ல" என்றாள். தொட்டுப் பார்த்தேன். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. அன்று கட்டி மாற்ற வேண்டிய நாள். புதுக் கட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

பக்ரீத்துக்கு முன்னால் உபைதுல்லா பாய் மினி லாரி கொண்டுவந்தார். கிடாக்கள் ஏற மாட்டேன் என்று முரண்டு பிடித்தன. நாலு பேர் சேர்ந்து பிடித்துத் தூக்கிப் போட்டார்கள். பட்டியில் இருந்த பெட்டைகளும் மிரண்டு முள்ளில் போய் முட்டிக்கொண்டன. மேரி லாரி பின்னாலேயே தெரு முனை வரைக்கும் போனாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாய் வீட்டு முற்றத்தில் அவை தீவனம் எடுக்கவில்லை. தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தன. மறுநாள் மூத்திரம் கறுப்புக் காபிபோல இறங்கியது. கண்ணும் ஈறும் மஞ்சளாகிவிட்டன. ஒவ்வொன்றாக விழுந்தன. உயிரோடிருந்த இரண்டையும் செத்தவற்றையும் அதே லாரியில் ஏற்றி அவர் திருப்பிக் கொண்டுவந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தோம். அவர் மேரியைப் பார்த்து, "கண்ணு மஞ்சளா இருக்குற ஜீவன அல்லாவுக்குக் குடுக்க முடியுமாம்மா? நீயே சொல்லு" என்று மட்டும் கேட்டார். அதற்குள் பட்டியில் பெட்டைகளும் விழ ஆரம்பித்திருந்தன. மேரி ஒவ்வொன்றின் வாயிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அங்குமிங்கும் ஓடினாள். ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரே நாளில் அவள் முகம் கிழவி முகமாகிவிட்டது.

குழி வெட்ட நான்தான் ஆள் கூப்பிட்டேன். நானும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினேன். அழுதேன். நடித்தேன் என்று நினைக்காதீர்கள், நிஜமாகவே அழுகை வந்தது. அந்தக் கிடாக்களுக்கு மினுமினுப்பைக் கொண்டுவந்ததும் நான்தானே.

அதற்கப்புறம் வேன் வருவதில்லை. சொந்த ஆட்டையே காப்பாற்றத் தெரியாதவளிடம் யார் கற்றுக்கொள்வார்கள் என்று மற்ற ஊர்ப் பெண்கள் கேட்டிருக்கிறார்கள். பாய் இந்தப் பக்கமே வருவதில்லை. அளத்தில் சேறு வழித்து மறுபடி தண்ணீர் கட்டிவிட்டார்கள். தை கடைசியில் மேரி கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பாலிதீன் பையைக் காலில் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் இறங்கினாள், ஆனால் உப்புத் தண்ணீருக்கு அதெல்லாம் கணக்கா? புதுத் தோல் பத்து நாள்கூடத் தாங்கவில்லை. முன்பைவிட மோசமாகப் பிளந்துவிட்டது. வேலை முடிந்து வந்ததும் என் வீட்டுக்குத்தான் நேராக வருகிறாள். நான் வெந்நீரில் கால் கழுவி, வேப்பெண்ணெய் தடவிவிடுகிறேன். இப்போது எதுவாக இருந்தாலும் என்னைக் கேட்காமல் செய்வதில்லை. பழையபடி ஆகிவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தாள். எண்ணெய் தடவிக்கொண்டிருக்கும்போது சட்டென்று என் கையைப் பிடித்து நிறுத்தினாள். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது.

"அக்கா, வானூர்ல நான் ஒனக்குத் துரோகம் பண்ணிட்டேன். நீ செஞ்சத நான் செஞ்சதுன்னு சொன்னேன். அதான் ஆண்டவரு எங்கிட்ட குடுத்ததயெல்லாம் எடுத்துக்கிட்டாரு. சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணேன். அவங்ககிட்டயே போய் மன்னிப்புக் கேளுன்னாரு."

சொல்லிவிட்டு அந்தக் காலோடு கீழே இறங்கி முழங்கால் போட்டாள். தரையெல்லாம் எண்ணெயும் சீழுமாக ஆகிவிட்டது. எழுந்திருக்கச் சொன்னேன். மன்னித்தேன் என்று நான் சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்றாள். இத்தனை நாளும் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வராதா என்றுதான் நான் காத்திருந்திருக்கிறேன் போலிருக்கிறது. என் மனசு அப்படியே ஆறிவிட்டது.

அதனால் நீங்கள் எழுதுவதைச் சரியாக எழுதுங்கள், டாக்டரம்மா. தெரியாமல் நடந்ததில்லை. இந்தக் கமலாம்பாள் தெரிந்தே, அளவு பார்த்து, பதம் பார்த்துச் செய்தாள் என்று எழுதுங்கள். போலீசுக்குச் சொல்வதென்றாலும் சொல்லுங்கள், நான் மறுக்க மாட்டேன். மேரியை மட்டும் கூப்பிட்டு எதுவும் கேட்காதீர்கள், பாவம். அவள் எனக்குச் செய்ததை நான் மன்னித்துவிட்டேன்.